யூட்டா பாலைவனத்தில் அரைப் பிரதட்சிணம்

இருபத்தெட்டு வருஷம் மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்தவன் நான். சகாரா, கோபி, கலஹாரி, தார் என்று எந்தப் பாலைவனத்தைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் போட்டுவிடுவேன். காற்று மணலை வாரி அடித்துப் பாறையின் காலை அரிக்கும், தலை மட்டும் குடை மாதிரி நிற்கும், அதற்குக் காளான் பாறை என்று பெயர் என்பதை எத்தனை பையன்களுக்குச் சொல்லியிருப்பேனோ கணக்கில்லை. ஆனால் நேரில் நான் பார்த்த ஒரே மணல்வெளி மெரினா. அதிலும் நொச்சிக்குப்பம் பக்கம் போனதில்லை. மீன் வாசனை ஒத்துக்கொள்ளாது.

அப்படிப்பட்டவன், ஓய்வு பெற்ற அடுத்த கோடையில், அமெரிக்காவில் யூட்டா என்கிற மாநிலத்தில், நிஜமான பாலைவனத்தில், மேலே சட்டையில்லாமல் காலில் ஒன்றுமில்லாமல் ஒரு பாறைக்கு முன்னால் நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். எழுபதுகளின் நடுவில் நடந்த சமாசாரம். இதையெல்லாம் எழுதினால் மானம் போகும் என்று கமலம் சொல்கிறாள். போவதற்கு என்ன பாக்கி இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

கமலம் என் மனைவி. எங்களுக்கு ஒரே பெண், வஸந்தா. நந்தனத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்த இடத்தில் செல்வராஜ் என்ற இன்ஜினீயரோடு பழக்கமாகி, ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டாள். அவருடைய அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தியாகராய நகரில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்தவர். வேறு ஜாதி. எங்காத்து டபரா டம்ளர் எல்லாமே அந்தக் கடையில் வாங்கியவைதான். பாத்திரம் உள்ளே வரலாம், பையன் வரக்கூடாது என்று நான் சட்டம் பேசினேன்.

அமெரிக்கா புறப்படுவதற்கு முதல் நாள் இருவரும் சொல்லிக்கொண்டு போக வந்தார்கள். "மாமா, ஆசீர்வாதம் பண்ணுங்க" என்று செல்வராஜ் வாசலில் குனிந்தார். "நான் யாருக்கும் மாமா இல்லை" என்று சொல்லிக் கேட்டைச் சாத்தினேன். அதற்கப்புறம் நாலு வருஷம் வஸந்தாவின் கடிதங்கள் கமலத்தின் பெயருக்கே வந்தன. அவள் குளிக்கப் போகிற நேரம் பார்த்து நான் எடுத்துப் படிப்பேன். படித்தது அவளுக்குத் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும்.

ஒருநாள் கமலம் சொன்னாள்: "நான் என் பொண்ணைப் பார்க்கப் போறேன். வரேள்னா வாங்கோ. இல்லேன்னா அந்த உலக உருண்டையைக் கட்டிண்டு ஆத்துலயே இருங்கோ."

அவளைத் தனியே அனுப்ப எனக்குப் பயம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு கிளம்பினேன். விமானத்தில், நான் பெல்ட்டை அவிழ்க்கத் தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தபோது, ஓடிப்போக வழியில்லை என்று தெரிந்து அவள் விஷயத்துக்கு வந்தாள். "ஒரே ஒரு தடவை அவரை வாய் நிறைய மாப்பிள்ளைன்னு கூப்பிட்டுடுங்கோ. வஸந்தா அதுக்குத்தான் காத்துண்டிருக்கா. அப்பா கூப்பிடாம திரும்பிப் போனா, இனிமே மெட்ராஸ் பக்கமே தலைவெச்சுப் படுக்கமாட்டேன்னு எழுதியிருக்கா. அவ உங்க பொண்ணு. சொன்னா செய்வா."

அந்தக் கடிதத்தையும் நான் படித்திருந்தேன்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தொலைக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் குடும்பங்களில் மாப்பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் கிடையாது, அது அவமரியாதை. அவமரியாதை என்று நான் தயங்கினாலே அவர் மாப்பிள்ளை என்று ஆகிவிடுகிறது. இந்தச் சிக்கலுக்கு நான் கண்டுபிடித்த வழி இலக்கணம். தமிழில் எழுவாய் இல்லாமலே குடும்பம் நடத்தலாம். "காபி ஆச்சா?" "ஆச்சு." "கிளம்பலாமா?" "கிளம்பலாம்." இதில் நீ இல்லை, நீங்கள் இல்லை, வா போ எதுவும் இல்லை. அவரும் கெட்டிக்காரர். ஒரே நாளில் பிடித்துக்கொண்டார். டென்வரில் அவர்கள் வீட்டில் மூன்று வாரம் நாங்கள் இரண்டு பேரும் ஆளே இல்லாத தமிழில் பேசி ஓட்டினோம். விமான நிலையத்தில் கால் வைத்ததுமே கமலம் "சௌக்கியமா மாப்பிள்ளை?" என்றாள், அவர் "வாங்க அத்தே" என்றார். எனக்கு மட்டும்தான் நாக்கில் முள்.

ஊர் திரும்பப் பத்து நாள் இருந்தது. வஸந்தா யோசனை பண்ணி இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தாள். "அப்பா பாடம் நடத்தின பாலைவனத்தை அப்பாவுக்குக் காட்டணும்" என்றாள். உண்மையான காரணம் என்னவென்று எனக்கும் தெரியும்.

முதல் நாள் முழுக்கக் காரில். மலையெல்லாம் ஏறி இறங்கி வறண்ட பூமிக்கு வந்தோம். பச்சையே இல்லை. "கத்திரி வெயில்ல பஸ்ஸுல தொங்கிண்டு போனவா நாம. இதெல்லாம் ஒரு வெயிலா?" என்று நான் கமலத்திடம் சொன்னேன். கேட்கவேண்டியவர் காதில் விழட்டும் என்று உரக்கவே சொன்னேன்.

அரை மணி கழித்து ஒரு நீண்ட ஏற்றத்தில் செல்வராஜ் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, ஒரு குமிழைத் திருகினார். எங்கள் முழங்காலில் அனல் அடித்தது. நான் கையை நீட்டிப் பார்த்தேன். சந்தேகமில்லை, ஹீட்டர். வெளியே நூற்று நாலு டிகிரி, உள்ளே ஹீட்டர்! கேட்டைச் சாத்தினதற்குப் பழி வாங்குகிறார் என்றே முடிவு கட்டிவிட்டேன்.

"ஹீட்டர் போட்டிருக்காப்போல இருக்கு" என்றேன், ஜன்னலைப் பார்த்து.

"இன்ஜின் சூட்டை உள்ள இழுத்துக்கும். இல்லாட்டி வழியிலேயே நின்னுடும்" என்றார் அவர், முன்கண்ணாடியைப் பார்த்து.

கமலம் முந்தானையால் விசிறிக்கொண்டே, "மாப்பிள்ளை பண்ணினா காரணம் இருக்கும்" என்றாள். இருபது மைல் அப்படியே வெந்தோம். பெட்ரோல் பங்க்கில் எண்ணெய்க் கறை படிந்த ஒரு தாத்தா காரின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஹீட்டரைப் போட்டுக்கொண்டு வந்தது யார்? புத்திசாலி. இல்லாவிட்டால் இன்ஜின் போயிருக்கும்" என்றார். நான் அங்கே மாட்டியிருந்த டயர் விலைப் பட்டியலை மிகக் கவனமாகப் படித்தேன்.

சாயங்காலம் ஒரு சின்ன ஊரில் தங்கும் விடுதி. முதலாளி ஆறடிக்கு மேல் உயரம், கையில் ரிஜிஸ்தர். எங்களைப் பார்த்து, "இந்தியர்களா?" என்றார். ஆமாம் என்றேன். "எந்தக் குலம்?" என்றார். அந்தப் பக்கத்தில் செவ்விந்தியர்கள் நிறைய. அதைத்தான் கேட்கிறார் என்று ஒரு பூகோள வாத்தியாருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? குலம் என்று காதில் விழுந்ததும் நான் நிமிர்ந்து நின்று கோத்திரம், சூத்திரம் இரண்டையும் ஒப்பித்தேன். அவர் சிரத்தையாக எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டார். செல்வராஜ் பெட்டியைத் தூக்குகிற சாக்கில் வெளியே போய்விட்டார். "அமெரிக்கா வந்தும் அதுதானா?" என்று கமலம் தலையில் அடித்துக்கொண்டாள்.

அறைக்குள் அவள் கொண்டுவந்த மின்சார அடுப்பில் ரசம் வைத்துக் கடுகு தாளித்தாள். முதலாளி ஓடி வந்து கதவைத் தட்டி, "ஏதோ தீய்ந்து போகிறது" என்றார். "ஒன்றும் தீயவில்லை, சமையல்" என்று சொல்லி ஒரு டம்ளர் ரசம் கொடுத்தோம். ஒரு வாய் குடித்தார், இருமினார், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இது சளிக்கு மருந்தா?" என்று கேட்டார். சில பேருக்கு அதுவும்தான் என்றேன்.

இரண்டாம் நாள் அதிகாலையில் பாறைகளைப் பார்க்கப் போனோம். சிவப்பென்றால் அப்படிச் சிவப்பு. பாறைகள் வளைந்து வாசல் வாசலாக நிற்கின்றன, ஒவ்வொரு வாசலிலும் நீல வானம். கபாலி கோயில் கோபுரத்தை அந்த வாசல் ஒன்றுக்குள் நுழைத்துவிடலாமா என்று மனசுக்குள் அளந்து பார்த்தேன். எங்கள் கோபுரம் சின்னது என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை, அளவை நிறுத்திக்கொண்டேன்.

நுழைவாயிலில் தொப்பி போட்ட காவல்காரப் பெண்மணி ஒருத்தி எல்லாரையும் நிறுத்தி, "தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள், தொப்பியைக் கழற்றாதீர்கள், பகல் பதினொன்றுக்குமேல் பாறையில் கை வைக்காதீர்கள்" என்றாள். என் வேட்டியைப் பார்த்து, "இது நல்ல உடை, காற்றோட்டமாக இருக்கும்" என்றும் சொன்னாள். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. நானும் விஷயம் தெரிந்தவன் என்று காட்டிக்கொள்ள, காற்று எப்படிப் பாறையை அரிக்கிறது என்று இங்கிலீஷில் அவளுக்கு ஒரு பாடமே நடத்தினேன்.

முழுக்கக் கேட்டுவிட்டு அவள் சிரித்தாள். "காற்றின் வேலை இதில் ரொம்பக் கொஞ்சம். செய்ததெல்லாம் தண்ணீர். மழை விரிசலில் இறங்கும், குளிர்காலத்தில் உறையும், உறைந்து பாறையைப் பிளக்கும்."

ஒரு பரீட்சையில் 'மழை' என்று எழுதின பையனை நான் முட்டி போடச் சொல்லியிருக்கிறேன். அவன் முகம் கூட ஞாபகம் இருக்கிறது. இப்போது எங்கே இருக்கிறானோ, நன்றாக இருக்கட்டும்.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. ஒரு சரிவில் இறங்கும்போது லஸ் முனையில் வாங்கின என் தோல் செருப்பின் வார் அறுந்து, நான் உட்கார்ந்தபடியே பத்தடி வழுக்கி ஒரு முள்செடியில் போய் நின்றேன். அங்கே வந்துகொண்டிருந்த அரைநிஜார் போட்ட இரண்டு வெள்ளைக்காரக் கிழவிகள், "பாவம், திரைச்சீலை கிழிந்துவிட்டது" என்று என் வேட்டியைப் பார்த்துப் பேசிக்கொண்டார்கள். வஸந்தா காரிலிருந்து புதுச் சப்பாத்து ஒரு ஜோடி எடுத்துவந்தாள். கயிறு கட்டுகிற கித்தான் சப்பாத்து. போட்டேன், அளவு எடுத்தாற்போல இருந்தது.

"எப்போ வாங்கினே?"

"நான் வாங்கலை. அவர்தான். வாசல்ல கழட்டிவிட்ட உங்க செருப்பை அளந்து பார்த்துட்டுப் போய் வாங்கிண்டு வந்தார். கொடுத்தா வேண்டாம்பேளேன்னு டிக்கில வெச்சிருந்தார்."

நல்ல சப்பாத்து என்று சொல்லவேண்டும் என்றுதான் நினைத்தேன். "கயிறு நீளமா இருக்கு" என்று சொன்னேன்.

மூன்றாம் நாள்தான் விஷயம். அன்று வேட்டியை விட்டுவிட்டு வஸந்தா வற்புறுத்தின பேண்ட்டைப் போட்டிருந்தேன். ஒரு மைல் நடந்திருப்போம். கமலத்தின் முழங்கால் சண்டித்தனம் பண்ணியது. ஒரு குட்டையான மரத்தடியில் நிழல் இருந்தது. அவளும் வஸந்தாவும் ஐஸ் பெட்டியும் தயிர்சாதமுமாக அங்கே உட்கார்ந்தார்கள். அப்போதுதான் கமலம் தூரத்தில் அதைப் பார்த்தாள்.

"ஐயோ, பிள்ளையார்!"

பார்த்தால் பிள்ளையாரேதான். தொப்பை, முறக் காதுகள், இடப்பக்கம் வளைந்த துதிக்கை. கிழக்கு பார்த்து உட்கார்ந்திருக்கிறார். எதிரே இடுப்பளவு உயரத்தில் ஒரு சின்னப் பாறை, மூஞ்சூறு என்று யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கமலம் இருந்த இடத்திலிருந்தே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"என்னால நடக்க முடியாது. நீங்க போய் எனக்காக ஒரு பிரதட்சிணம் பண்ணிட்டு வாங்கோ. மாப்பிள்ளை, நீங்களும் போங்கோ துணைக்கு."

வஸந்தா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பத்து நாளில் மூன்று போய்விட்டது என்கிற பார்வை.

நாங்கள் இரண்டு பேரும் நடந்தோம். "தண்ணி இருக்கு" என்றார் அவர். "இருக்கட்டும்" என்றேன். "பாதை இப்படிப் போகுது." "போகட்டும்." வாய் வரைக்கும் அந்த வார்த்தை வந்தது என்று சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் நடுப் பாலைவனத்தில் காரணமே இல்லாமல் ஒருவரை மாப்பிள்ளை என்று எப்படிக் கூப்பிடுவது? கூப்பிட்டு, "என்ன?" என்று திரும்பினால் என்ன சொல்வது? ஒரு காரணம் கிடைக்கட்டும் என்று ஒத்திப்போட்டேன். நாலு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

பாறைக்கு மேற்குப் பக்கம் நல்ல நிழல். தரையில் கை வைத்துப் பார்த்தேன், கோயில் பிரகாரம் மாதிரி ஜில்லென்று இருந்தது. சப்பாத்தைக் கழற்றினேன். பிள்ளையார் சந்நிதியில் தொப்பி எதற்கு? அதையும் கழற்றினேன். மயிலாப்பூரில் பிறந்தவனுக்குச் சட்டையோடு பிரதட்சிணம் செய்து பழக்கமில்லை. சட்டை, துண்டு, தண்ணீர்ப் புட்டி எல்லாவற்றையும் சப்பாத்துமேல் அடுக்கி வைத்தேன்.

"அந்தப் பக்கம் வெயில் அடிக்குது. சப்பாத்தோடயே சுத்திட்டு வரலாமே" என்றார் செல்வராஜ்.

சப்பாத்துப் போட்டுக்கொண்டு பிள்ளையாரைச் சுற்றுவதா! எங்காத்து வழக்கத்தை எனக்கே சொல்லித் தருகிறாரே என்று சுருக்கென்று வந்தது. கையைக் கூப்பிக்கொண்டு கிளம்பினேன்.

வடக்குப் பக்கம் வரை நிழல். கணபதி ஸ்தோத்திரமெல்லாம் கணீரென்று வந்தது. கிழக்கே திரும்பினேன். மணி பதினொன்று. முதல் அடி ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது அடியில் ஸ்தோத்திரம் நின்றது. மூன்றாவது அடியில் தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் எப்படியோ அப்படி நான் துள்ளினேன். திரும்பி ஓடவேண்டியவன், பாதிச் சுற்றில் திரும்பினால் குற்றமாயிற்றே என்று முன்னால் ஓடினேன். ஓடி, கண்ணில் பட்ட ஒரே நிழலில், அதாவது மூஞ்சூறின் நிழலில், போய் விழுந்தேன்.

நிழல் என்றால் என்ன நிழல், இரண்டு கால் வைக்கிற மணை அளவு. அதில் ஒண்டிக்கொண்டு பாதத்தைத் தூக்கிப் பார்த்தேன். சிவந்து வெளுக்க ஆரம்பித்திருந்தது. சப்பாத்து பாறைக்கு அந்தப்புறம். வந்த நிழலுக்குத் திரும்பவே நாற்பது தப்படி இருக்கும், அத்தனையும் அடுப்பு. துண்டைக் காலில் சுற்றிக்கொள்ளலாம் என்று தோன்றியது. துண்டு சப்பாத்துமேல். சட்டை? அதுவும் சப்பாத்துமேல். பேண்ட்டைக் கழற்றிச் சுற்றிக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன். எதிரே பிள்ளையார், முந்தின நாள் பார்த்த கிழவிகளும் எந்த நிமிஷமும் வரலாம். அந்த எண்ணத்தைக் கைவிட்டேன்.

இந்த இடத்தில் படிப்பறிவில்லாதவனாக இருந்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பேன். பள்ளிக்கூட மைதானத்தில் குச்சி நட்டு, உச்சிவேளை வரை நிழல் குறுகும் என்று வருஷா வருஷம் காட்டினவன் நான். மூஞ்சூறின் நிழல் என் கண்முன்னாலேயே குறுகிக்கொண்டிருந்தது. குதிகால் வெயிலுக்குப் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் விரல் நுனியில் நிற்கவேண்டி வரும், அப்புறம் அதுவும் இல்லை. மேல் தோல் எரிந்தது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வேடிக்கை இல்லை, நிஜமாகவே எனக்குப் பயம் வந்துவிட்டது. கமலத்தை இந்த ஊரில் விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்துவிடுவேனோ என்று நினைத்தேன்.

கூப்பிடவேண்டியதுதான். யாரை?

"வஸந்தா!" என்றேன். அரை மைல் தூரம், எங்கே கேட்கப் போகிறது? "இந்தா!" என்று கமலத்தைக் கூப்பிட்டேன். அவளையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. "ஹலோ!" என்றேன். "எக்ஸ்க்யூஸ் மீ!" என்றேன். "யாராவது இருக்காளா?" என்று தமிழில் யூட்டா மாநிலத்தைக் கேட்டேன். "பிள்ளையாரப்பா!" என்றேன். அவர் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. செல்வராஜ் கேமராவைத் தூக்கிக்கொண்டு எங்கோ போய்விட்டார் என்று தோன்றியது.

கடைசியாக, ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து, "மாப்பிள்ளே!" என்று கத்தினேன்.

சுற்றிலும் பாறையல்லவா? கத்தினது ஒரு தடவைதான். எதிர்ப்பாறை ஒரு தடவை சொல்லிற்று. அதற்குப் பின்னால் இருந்தது ஒரு தடவை. எங்கோ பள்ளத்தாக்கில் போய் இன்னும் இரண்டு தடவை மாப்பிள்ளே, மாப்பிள்ளே என்று கேட்டது. நாலு வருஷத்துக்குச் சேர்த்துக் கூப்பிட்டதுபோல இருந்தது, எனக்கே வெட்கமாகப் போயிற்று.

மூச்சு விடுவதற்குள் செல்வராஜ் பாறையைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தார். கையில் என் சப்பாத்து.

உயிர் வந்ததும் எனக்குக் கோபமும் வந்துவிட்டது. "பக்கத்துலயேதான் இருந்தேளா? இத்தனை நாழியா கத்தறேனே, காதுல விழலையா?"

"விழுந்துச்சு மாமா" என்றார் அவர். "யாரைக் கூப்பிடுறீங்கன்னுதான் தெரியல. வஸந்தாவைக் கூப்பிட்டீங்க, அத்தையைக் கூப்பிட்டீங்க, சாமியைக் கூப்பிட்டீங்க. நடுவுல நான் வந்து நின்னா பிடிக்குமோ என்னவோன்னு..."

அப்படியே நிறுத்திவிட்டார். என் பாதத்தைப் பார்த்துவிட்டார். சப்பாத்தைக் கீழே போட்டு, தன் சட்டையைக் கழற்றி என் காலடியில் விரித்தார். புட்டியிலிருந்து தண்ணீரை மெதுவாகக் காலில் ஊற்றினார். "எனக்குத் தெரியாதே மாமா, சாமி கும்பிடுறீங்கன்னுல்ல நினைச்சேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சப்பாத்து காலில் ஏறவில்லை, கொப்புளம் விட்டிருந்தது.

"முதுகுல ஏறிக்கங்க."

"வேண்டாம், வேண்டாம்."

"ஏறுங்க மாமா."

ஏறினேன். இருபத்தெட்டு வருஷம் பிரம்போடு நின்ற மனுஷன், ஐம்பத்தொன்பதாவது வயதில், உப்பு மூட்டையாகப் போனேன். தன் தொப்பியைக் கழற்றிப் பின்பக்கம் நீட்டி என் தலையில் கவிழ்த்துவிட்டார். வழியில் அந்த இரண்டு கிழவிகளும் எதிரே வந்தார்கள், வராமல் இருப்பார்களா? "பாருங்கள், எவ்வளவு நல்ல பிள்ளை!" என்றாள் ஒருத்தி. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. முகத்தைப் பார்க்காமல் பேச அதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று, அவர் பிடரியைப் பார்த்துச் சொன்னேன்.

"அன்னிக்குக் கேட்டைச் சாத்தினது தப்பு, மாப்பிள்ளை. ரொம்பத் தப்பு."

அவர் இரண்டடி நடந்தார். "இறுக்கிப் பிடிச்சுக்கங்க, இறக்கம் வருது" என்றார்.

மரத்தடிக்கு வந்து என்னை இறக்கினார். கமலம் என் காலைப் பார்த்து, "நான்தானே போகச் சொன்னேன், நான்தானே" என்று புலம்பிக்கொண்டே ஐஸ் பெட்டியைத் திறந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த தயிரை எடுத்தாள். நான் கூப்பிட்டது அவர்களுக்கும் கேட்டிருக்கிறது. பாறை கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. கமலம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள்.

வஸந்தா தயிரை வாங்கிக்கொண்டு என் கால்மாட்டில் உட்கார்ந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. மெதுவாக, விரல் விரலாகத் தடவினாள்.

"எரியறதாப்பா?"

"எரியறதும்மா."

"நன்னா எரியட்டும்" என்றாள். சொல்லிவிட்டு, என் இரண்டு பாதத்தையும் தயிரோடு மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, சின்னக் குழந்தை மாதிரி விக்கி விக்கி அழுதாள்.